பிரஷர் பச்சையில் இருக்கிறது

காந்தல், உதகை
ஞாயிறு மாலை

அன்புள்ள ஐவிக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். நீயும் எல்சாவும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க சர்ச்சில் ஜெபித்துவிட்டு வந்துதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசினால் ஸ்பீக்கரில் வீடே கேட்கிறது. அதனால்தான் லீவு முடிந்து கனடா திரும்பும் நம் தெரு அலனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். தனியாகப் படி.

நேற்று எல்சா சொன்னதிலிருந்து எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்பா, ஆப்ல உங்க பிரஷர் தினமும் பச்சையாவே வருது, நீங்களே சூப்பரா பாத்துக்கறீங்க, அம்மா இன்னும் ஆறு மாசம் இங்கயே இருக்கட்டும் என்கிறாள். சரிம்மா என்று நானும் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன், எதற்குச் சரி என்றேன்?

நீ போன புதிதில், எல்சா என் போனில் போட்டுக்கொடுத்த அந்த பிரஷர் ஆப்பை நான் தொடவே இல்லை, உனக்கே தெரியும். அது காலையில் டிங் டிங் என்று மணியடிக்கும். சும்மா கிட என்று போனைத் தலையணைக்கடியில் செருகிவிடுவேன். அப்புறம் மார்க்கெட்டில் தலைசுற்றி விழுந்தேன். காரட் மூட்டை மேல் விழுந்ததால் மண்டை தப்பியது. அதற்குப் பிறகு மணிக்குப் பதிலாக உன் குரலைப் பதிந்து வைத்தாளே எல்சா, அன்றைக்குத்தான் உருப்பட்டது. ஏனுங்க, பிரஷர் பாத்தீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று நீ அதட்டினால் கை தானாகப் பிரஷர் மிஷின் பட்டையைச் சுற்றிக்கொள்கிறது. இதோ பார்க்கிறேன்டி என்று பதில்கூடச் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டுவிட்டு அடுத்த வீட்டுப் பாலாமணி, அக்கா வந்துட்டாங்களாங்க என்று ஓடியே வந்துவிட்டாள். அசடு வழிந்தேன், போ.

என் குழப்பம் இதுதான். ஒழுங்காக இருந்தால் பச்சை வருகிறது. பச்சை வந்தால் நீ அங்கேயே இருக்கிறாய். பார்க்காமல் விட்டால் நீ பதறுவாய். இது என்ன நியாயம்? பாலாமணியிடமே கேட்டேன். அட நீங்க ஒண்ணுங்க, ரெண்டு வாரம் கருவாடா வெச்சுத் தின்னுங்க, செவப்பு வந்தா அக்கா அடுத்த பிளைட்ல இங்க நிப்பாங்க என்று சிரிக்கிறாள். கருவாடு வாங்கியும் வந்தேன். காலையில் உன் குரல் கேட்டதும் மனசு வரவில்லை. அவள் வீட்டுப் பூனைக்குப் போட்டுவிட்டேன்.

எல்சா வேலைக்குத் திரும்ப வேண்டும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? நீ அங்கே வேண்டும்தான். எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு வாய் டீ குடிப்பதற்குள் மறுபடியும் புரியாமல் போய்விடுகிறது. எஸ்டேட் ஆபீசில் உட்கார்ந்து எத்தனை பேருக்கு லீவு எழுதியிருப்பேன்! உனக்கு எவ்வளவு எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

மாத்திரையை விடமாட்டேன், அதில் நீ பயப்படாதே. எனக்கு வீடு பிடிக்கவில்லை ஐவி, அவ்வளவுதான். நீ என்னைப் பார்க்க வருவதற்கு என் பிரஷர் ஏறித்தான் ஆக வேண்டுமா, சொல்.

பேத்தி நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடு. கர்த்தர் உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

உன்
சில்வஸ்டர்