போக இரண்டு, வர மூன்று

நேற்று மாலை உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பேரீச்சம்பழப் பொட்டலம். மேலே அரபு எழுத்து. அதைப் பிரித்ததும் வெல்லப்பாகு போல ஒரு மணம் எங்கள் சின்ன அறை முழுக்கப் பரவியது. உனக்காக லிபியாவில் வாங்கியதாம். பையில் வைத்துக் கட்டிய பிறகும் நீ இல்லையென்று அவருக்குத் தெரியாது. அதைக் கடிதத்தில் எழுத இங்கே யாருக்கும் மனம் வரவில்லை. விமானத்தை விட்டு இறங்கி, உன் அப்பாவைக் கண்ட பிறகுதான் தெரிந்திருக்கிறது.

"அவளும் நீயும் ஒண்ணுதானே. நீ சாப்பிடு," என்றார்.

அதன் பிறகு மெதுவாக ஒன்று கேட்டார். அங்கே வீட்டு வேலைக்குப் போன இரண்டாவது வருடத்தில் உனக்கு ஒரு கடிதம் போட்டாராம். அவருக்கு எழுதத் தெரியாது, பக்கத்து வீட்டில் வேலை செய்த பெண் எழுதிக் கொடுத்தாளாம். ஒப்பந்தம் முடிந்துவிட்டது, வேலை செய்யும் வீட்டு முதலாளி டிக்கட் போட மாட்டேன் என்கிறார், ஊரிலிருந்து டிக்கட் அனுப்பினால் மட்டும் விடுவார்களாம் என்று அதில் இருந்ததாம். "அந்தக் கடுதாசி புள்ளைக்குக் கெடைச்சுச்சா, ஒங்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

நீ என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. அவருக்கு வாசிக்கத் தெரியாது, கடிதங்களை நீதான் வாசித்துக் காட்டுவாய். "புள்ள வாசிக்கறப்ப எல்லாக் கடுதாசியிலயும் நல்லா இருக்கேன்னுதான் இருந்துச்சு," என்று கூட வந்திருந்த அவர் வாசலில் நின்றபடி சொன்னார். கடிதம் உனக்குக் கிடைத்ததா என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு சாட்சி இருந்தது. பெட்டிக்கு அடியில் கிடந்த, நாம் இருவரும் எழுதிய கொப்பியை எடுத்தேன்.

ஒன்பதாம் ஆண்டில் சமூகக்கல்வி டீச்சர் கொடுத்த ஒப்படை உனக்கு நினைவிருக்கும். இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு நாட்டைத் தெரிவு செய்து, அங்கே போய் வரச் செலவுத் திட்டம் எழுத வேண்டும். மற்றவர்கள் இந்தியா என்றார்கள், சிங்கப்பூர் என்றார்கள். நீ எழுந்து லிபியா என்றாய். அம்மா இருக்கும் நாடு, வேறு எதைச் சொல்வாய் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் சந்தோஷம்தான். வடக்கே கடல், தெற்கே பாலைவனம். நூலகத்து நிலப்படப் புத்தகத்தில் அந்த நாடு ஒரு விரிந்த மஞ்சள் துணிபோல இருக்கும். கடலோரத்தில் பழைய ரோமர்களின் தூண்கள் நிற்கின்றன என்று வேறு வாசித்திருந்தேன்.

கணக்கை ரூபாயில் போட வேண்டாம், பேரில் போடுவோம் என்றது நீதான். நம் ரப்பர்த் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குச் செக்ரோல் பதிவேட்டில் ஒரு பேர், அதற்கு ஒரு நாள் கூலி. ரூபாய் என்றால் நமக்குப் பிடிபடாது, பேர் என்றால் நம் அப்பாமாரின் முதுகு தெரியும். மாதத்துக்கு இருபத்தைந்து பேர் என்று நான் பெருக்கிக்கொண்டு போனேன். நீ கையைப் பிடித்து நிறுத்தினாய். "மழ பேஞ்சா பால் வெட்டு ஏதுடி? மழ மாசத்தக் கழி." கழித்தோம். வருடம் பாதியாகச் சுருங்கியது.

விலை கேட்க ஒரு சனிக்கிழமை கேகாலைக்குப் பஸ் ஏறினோம். பயணச்சீட்டு விற்கும் கடையில் இருந்தவர் நம் பாடசாலைச் சப்பாத்துகளைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் யார் போவது என்று கேட்டார். "அப்பி தென்னா," நாங்கள் இரண்டு பேர் என்றாய் நீ, பல்லைக் காட்டாமல். அவர் சிரித்தார், ஆனாலும் விலையைச் சொன்னார். நம் கணக்கில் கிட்டத்தட்ட நானூறு பேர். நான் எழுதி முடித்துக் கிளம்பும்போது, அங்கிருந்து இங்கே வருவதற்கு மட்டும் எவ்வளவு என்று நீ தனியாகக் கேட்டாய். அதை உன் கையாலேயே கொப்பியின் ஓரத்தில் குறித்துக்கொண்டாய். ஒப்படையில் உனக்கு எவ்வளவு கரிசனம் என்று நான் வியந்தேன்.

திட்டம் எழுத உட்கார்ந்தபோதுதான் நமக்குள் சண்டை வந்தது. தங்கும் செலவு என்று டீச்சர் சொன்ன தலைப்பை எழுதினேன். "அங்க அம்மா இருக்காங்க, எதுக்குடி ஹோட்டலு?" என்று அந்த வரியை அடித்தாய். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கதிர்காமம் போனாலும் கொழும்பு போனாலும் சொந்தக்காரர் வீட்டில் படுத்துத்தான் நமக்குப் பழக்கம். சாப்பாட்டுக்கு எதிரே அரிசி, கருவாடு, மிளகாய்த்தூள், தேயிலைத்தூள் என்று எழுதினோம். லொறியில் சட்டி பானை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு வேறென்ன தோன்றும்? பாலைவனத்துக்குக் கருவாடா என்று பிறகு டீச்சர் வகுப்பே சிரிக்கச் சிரித்தார்.

ஆனால் பாலைவனமே அந்தத் திட்டத்தில் இல்லை. ஒட்டகம், மணல்மேடு, ரோமர்களின் தூண்கள் எல்லாவற்றுக்கும் நான் முப்பது பேர் ஒதுக்கியிருந்தேன். நீ ஒவ்வொன்றாக வெட்டினாய். "மணலப் பாக்க யாராவது பேரச் செலவழிப்பாங்களா?" அவ்வளவு தூரம் போய்ப் பாலைவனத்தைப் பார்க்காமல் வருவதா என்று கேட்டேன். போய்விட்டு உடனே வந்துவிட வேண்டும் என்றாய். இரண்டு நாள் நான் உன்னோடு பேசவில்லை. உனக்கு ரசனை இல்லை என்று நாட்குறிப்பில்கூட எழுதி வைத்தேன்.

மூன்றாம் நாள் நீ திட்டத்தை உன் கையால் எழுதி முடித்துக் கொண்டுவந்தாய். சரிபார்ப்பது எப்போதும் என் வேலை. போக டிக்கட் இரண்டு. வர டிக்கட் மூன்று. சிரிப்பு வந்தது எனக்கு. "இதுகூடத் தெரியலியா? போறவங்க எத்தனையோ, வர்றவங்களும் அத்தனைதானே?" அக்காவின் சிவப்புப் பேனையை எடுத்து, மூன்றின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் இரண்டு என்று எழுதினேன். மொத்தத்தையும் குறைத்தேன்.

நீ அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "சரி. ரெண்டுன்னே இருக்கட்டும்," என்றாய்.

அப்போது ஏன் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் அவ்வளவு பேருக்கு நாம் எங்கே போயிருப்போம்? ஆனால் அந்தக் கடிதத்தை நீ தனியாகத் தூக்கிக்கொண்டு நடந்திருக்க மாட்டாய். பாடசாலையின் அடுத்த தவணையில் சனிக்கிழமைகளில் நீ என்னோடு நூலகத்துக்கு வரவில்லை. ரப்பர் மரங்களில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலைப் பொறுக்கி விற்கிறாய் என்று கேள்விப்பட்டேன். புதுச் சப்பாத்து வாங்கவா என்று கேலி செய்தேன். "ஆமா, தூரம் நடக்கணும்ல," என்று சொன்னாய். அந்த மழைக்காலத்தில்தான் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள்.

உன் அம்மா அதற்குப் பிறகும் இரண்டரை வருடம் அங்கே வேலை செய்திருக்கிறார். அவர் பார்த்துக்கொண்ட முதியவள் இறந்துபோனதும், இனித் தேவையில்லை என்று அவர்களே அனுப்பிவிட்டார்கள்.

நேற்று கொப்பியை அவர் மடியில் வைத்தேன். உன் எழுத்தைத் தடவிப் பார்த்தார். "வாசி புள்ள," என்றார். அரிசியை வாசித்தேன், கருவாட்டை வாசித்தேன். தங்க: அம்மா வீடு என்று வாசித்தபோது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அடுத்த வரி வந்தது. என் சிவப்புக் கோடு இன்னும் மங்கவில்லை. என் திருத்தத்தை விட்டுவிட்டு, நீ எழுதியதை வாசித்தேன்.

"போக ரெண்டு. வர மூணு."

"ரெண்டு பேரு போயி, மூணு பேரு வர்றதா?" உன் அம்மா விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். உனக்கு ஒரு விரல், எனக்கு ஒரு விரல், தனக்கு ஒன்று. அந்தக் கையைப் பிரிக்கவே இல்லை. "கணக்கு சரியாத்தானே போட்டிருக்கா," என்றார்.

அவர் போன பிறகு மொத்தத்தை மறுபடி கூட்டினேன். ஓரத்தில் நீ குறித்து வைத்திருந்த அந்த ஒருவழி விலை இப்போது அதில் இருக்கிறது. நான் இப்போது உயர்தர வகுப்பில் படிக்கிறேன், கீழ் வகுப்புச் சின்னப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்த என்னிடம்தான் தருகிறார்கள். இன்று பிழையென்று தெரிந்த இடத்தில் கோடு போடுமுன் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டேன். பதில் வரும்வரை பேனையை மூடியே வைத்திருந்தேன்.