ஒட்டாத பனி

ரிச்சர்ட்சன், டெக்சஸ்
6 பிப்ரவரி 2000

அன்புள்ள நெடுஞ்செழியன் தம்பிக்கு,

இங்கே நலம். பொங்கலுக்கு உங்கள் ஃபோன் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. சான்டா கிளாராவில் வேலை அதிகம் போலிருக்கிறது.

அவர் பனிச்சரிவில் சிக்கி இறந்து இந்த மாதத்தோடு இரண்டு வருடம். வெண்பாவுக்கு ஒன்பது வயதாகிவிட்டது. எப்படி நடந்தது என்று போன வாரம் கேட்டாள். 'ஆபத்து என்று தெரிந்தும் அண்ணன்தான் போகலாம் என்றார்' என்று ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னதையே சொன்னேன். அப்பாவுக்கு நம்மைவிட அந்த மலை பெரிதா என்று இங்கிலீஷில் கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான்.

பனியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நடந்ததை முழுதாக எழுதுங்கள்.

அன்புடன்,
வசந்தாமணி

சான்டா கிளாரா
20 பிப்ரவரி 2000

வசந்தா அக்காவுக்கு,

ஃபோனில் சொல்லத் துணிவில்லை. எழுதுகிறேன்.

அந்த வாரம் டாஹோ மலையில் மழை பெய்து உறைந்து, அதன்மேல் இரண்டடி புதுப் பனி விழுந்திருந்தது. அடியில் கண்ணாடி மாதிரி ஐஸ். மேல் பனி அதோடு ஒட்டவில்லை. செங்குத்தான சரிவுகளுக்குப் போகாதீர்கள் என்றுதான் காலையில் ஃபோனில் கேட்ட பனிச்சரிவு அறிவிப்பும் சொன்னது. நஞ்சப்பண்ணன் குழி வெட்டிப் பார்த்தார். கையால் தட்டியதும் மேல் பனி பலகையாக வழுக்கி வந்தது. நடக்கும்போது காலடியில் 'வும்' என்று அமுங்கியது.

"செழியா, இது சரியில்ல. திரும்பிரலாம்" என்றார்.

"நாலு மணி நேரம் டிரைவ் பண்ணி வந்திருக்கோம்ணா. ஒருத்தர் ஒருத்தரா கிராஸ் பண்ணுனா ஒண்ணும் ஆகாது" என்றேன்.

நான் முதலில் கடந்தேன். அவர் பாதி வந்தபோது மேலே பனியில் ஒரு கோடு கிழிந்தது. சரிவு மொத்தமும் கிளம்பிவிட்டது. இருவரும் மார்பில் கட்டியிருந்த ரேடியோ கருவியின் சிக்னலை வைத்துத் தேடி, நாலடி தோண்டினேன். முப்பத்தைந்து நிமிஷம் ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் "யாரு போலாம்னது?" என்று நீங்கள் கேட்டபோது என் வாயில் அவர் பெயர் வந்தது. சொன்னது நான்தான், அக்கா.

நெடுஞ்செழியன்

ரிச்சர்ட்சன்
5 மார்ச் 2000

தம்பிக்கு,

ஆபீஸ் பார்க்கிங்கில் காரில் உட்கார்ந்து படித்தேன். பிறகு உள்ளே போய் மீட்டிங்கில் இருந்தேன். அழுகை வரவில்லை. உங்கள்மேல் கோபமும் வரவில்லை. இரண்டு வருடக் கோபமும் அவர்மேல்தான் இருந்தது. திவசத்தன்றுகூட மனசில்லாமல்தான் கும்பிட்டேன். அதற்கு இனி அவரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

நேற்று வெண்பாவை உட்கார வைத்துச் சொன்னேன். "ஸோ, ஹி வான்டட் டு கம் ஹோம்?" என்றாள்.

"ஆமா கண்ணு" என்றேன்.

எழுந்து போய் டிவி போட்டாள்.

தனியாக நின்று அவரைத் தோண்டி எடுத்தீர்கள். அதை நான் மறக்கவில்லை.

இனி எழுத வேண்டாம்.

வசந்தாமணி