நான்கு நாள் புகை

பாயான் பாரு,
3.3.1993

அன்புள்ள தம்பி குலசேகரத்துக்கு,

நலம். நீயும் யோகலட்சுமியும் சுகம்தானே? கடல் பாலம் தாண்டித் தீவுக்கு வர இரண்டு மாதமாக உனக்கு நேரமில்லை.

உன் மின்நிலையத்துக்குப் பக்கத்தில் நிலக்கரி நிலையம் ஒன்றும் கட்டப்போகிறார்களாம். அங்கே மீனவர் கிராமத்தில், அந்தக் கம்பத்தில், குடியிருக்கும் நோர்மா வந்து அழுதாள். இப்போதுள்ள நிலையத்தின் எண்ணெய்ப் புகையிலேயே அவள் காயப்போடும் நெத்திலி கறுக்கிறது, மகளுக்கு மூச்சிழுப்பு. அனுமதி தருவது பற்றிப் பதினெட்டாம் தேதி நடக்கும் பொது விசாரணையில் எங்கள் சுற்றுச்சூழல் சங்கத்துக்காக நான் பேசுகிறேன். கம்பத்து மருந்தகக் கூரையில் நாங்கள் பொருத்திய சூரியத் தகடுகள் ஐந்து மாதமாகத் தடுப்பூசிப் பெட்டியைக் குளிரவைக்கின்றன. ஒருநாள் வந்து பார்.

அக்கா,
பத்மாவதி


புக்கிட் மெர்தாஜாம்,
9.3.1993

அன்புள்ள அக்கா,

ஒரு பெட்டியைக் குளிரவைப்பது வேறு, ஒரு மாநிலத்துக்கு மின்சாரம் கொடுப்பது வேறு. உங்கள் பாயான் பாரு தொழிற்சாலைகளை எதை வைத்து ஓட்டுவது? அன்று நிலையத்தின் சார்பில் புகை அளவுகளை வாசிக்கப்போவது நான். தலைமைப் பொறியாளர் பதவி இந்த வருடம் வர வேண்டும். தயவுசெய்து பேசாதீர்கள்.

தம்பி,
குலசேகரம்


பாயான் பாரு,
19.3.1993

தம்பி,

பேசிவிட்டேன். தொழிற்சாலை எல்லாம் நாளைக்கே வெயிலில் ஓடும் என்று நான் சொல்லவில்லை. இத்தனை கூரைகள் சும்மா காய்கின்றன, அங்கிருந்து தொடங்குங்கள் என்றேன். நிலக்கரி நிலையம் எழும்பினால் நாற்பது வருடம் இறங்காது என்றேன். விசாரணை அதிகாரி சிரித்தார்: “டீச்சர், மழை பேஞ்சா என்னா செய்வீங்க லா?” பேட்டரி பற்றிச் சொல்வதற்குள் மண்டபமே சிரித்தது.

அது எனக்கு உறுத்தவில்லை. நீ ஆறு நாள் அளவை வாசித்தாய், எல்லாம் வரம்புக்குள். ஆனால் அளவுக் கருவி பத்து நாள் இருந்ததென்று நோர்மா சொல்கிறாள். அவள் வாசலில்தான் வைத்திருந்தார்கள். மற்ற நான்கு நாள் எங்கே? நீ ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பத்மாவதி


புக்கிட் மெர்தாஜாம்,
31.3.1993

அக்கா,

பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. அந்த நான்கு நாள் பழைய கொதிகலன் ஓடியது. அளவு வரம்பைப் போல இரண்டு மடங்கு. “விட்ருங்க குலா” என்றார்கள் மேலதிகாரிகள், விட்டேன். அந்த நான்கு நாள் அளவு உள்ள தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். என் பெயர் வராமல் நீங்களே விசாரணைக் குழுவிடம் கொடுத்துவிடுங்கள்.

குலசேகரம்


பாயான் பாரு,
3.4.1993

தம்பி,

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். பெயரில்லாத தாளைக் குப்பையில் போடுவார்கள். அதோடு, நான் கொடுத்தால் காலமெல்லாம் அது அக்கா செய்ததாகவே இருக்கும். விசாரணைக் குழு எட்டாம் தேதி வரை சாட்சியம் வாங்குகிறது. கொடுப்பதும் கிழிப்பதும் உன் கையில். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அக்கா


புக்கிட் மெர்தாஜாம்,
10.4.1993

அக்கா,

எட்டாம் தேதி காலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பெயர், பதவி, கையெழுத்து எல்லாம் போட்டு. மத்தியானம் நிலையத்தில் என் மேசைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். நிலக்கரி நிலையத்துக்கு அனுமதி கிடைக்குமா என்று தெரியாது. மறுபடியும் அளக்கச் சொல்லியிருக்கிறார்களாம். நோர்மாவிடம் சொல்லுங்கள்.

யோகலட்சுமி என்னோடு பேசுவதில்லை. எனக்கு உங்கள் மேல் கோபம். நீங்கள் சொன்னது சரி என்பதால் அது குறையவில்லை. கொஞ்ச நாள் வீட்டுக்கு வராதீர்கள்.

எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

தம்பி,
குலசேகரம்