அத்தைக்குப் பிறந்த வீட்டுக் கோடி

அத்தை,

களத்தில் முந்திரிப் பழம் குவிந்து கிடக்கிறது. கொட்டையைத் திருகி எடுத்துவிட்டுப் பழத்தை அப்படியே போட்டுவிட்டார்கள். வெயிலில் புளித்து வீடு முழுக்க அதே வாடை. உடையார்பாளையத்துக்கு வாழவந்து கொள்ளுப்பேரன் பார்த்த பிறகும் உனக்கு இது பிடிக்கவேயில்லை. "எங்க குரும்பலூருல இந்தக் கருமமெல்லாம் கெடையாது" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாய். பொத்திக்கொண்டேதான் இத்தனை தோப்பையும் கட்டிக் காத்தாய். மாமா சின்ன வயதிலேயே போய்விட்ட பிறகு பிள்ளைகளை ஆளாக்கியதும் இந்த முந்திரியை வைத்துத்தான். இந்த வருஷம் திட்ட ஆளில்லாமல் பழம் கிடக்கிறது. என்னால்தான் அந்தப் பக்கம் போக முடியவில்லை.

உன் ஒரே தம்பிக்கு ஒரே மகள் நான். என்னை உன் மூத்த மகனுக்கே கட்டிவைத்தாய். கல்யாணமான புதிதில் மரியாதையாக இருக்கட்டுமே என்று 'நீங்க' போட்டுப் பார்த்தேன். "மாமியாருன்னு நெனச்சு நீங்க கீங்கன்ன, பல்லத் தட்டிப்புடுவேன்" என்றாய். அதனால் இன்றைக்கும் நீதான்.

நீ அழுது நான் பார்த்தது ஒரே ஒரு முறை, என் அப்பா இறந்த அன்று. தம்பிக்காக அழுகிறாய் என்று எல்லோரும் நினைத்தார்கள். என் தோளில் சாய்ந்துகொண்டு, "எனக்குக் கோடி போட ஆளில்லாமப் போச்சேடி" என்றாய். பிறந்த வீட்டிலிருந்து புதுப்புடவை வந்து போர்த்தாமல் எந்தப் பெண்ணையும் எடுக்க மாட்டார்களே, அந்தப் பயம் உனக்கு.

"நான் இருக்கேன்ல அத்த?"

"நீ இந்த வூட்டு மருமவடி. வூட்டுக்குள்ள இருக்குறவ எப்புடிடி வெளியேருந்து கோடி கொண்டாருவ?"

வீட்டையே ஆட்டிவைத்தவளுக்கு இப்படி ஒரு குறையா என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

நீ போன அன்று வெடி, கொட்டு, பேரன்களின் ஆட்டம் எல்லாம் இருந்தது. நான் வாயைத் திறந்து அழத் தொடங்கினால் போதும், யாராவது வந்துவிடுவார்கள். "நெறஞ்ச வாழ்வு. கல்யாணச் சாவும்மா, அழுவக் கூடாது" என்பார்கள். கூடவே, வந்தவர்களுக்குக் காப்பி போயிற்றா என்றும் கேட்பார்கள். மூத்த மருமகள் இல்லையா? நிறைந்த வாழ்வு உனக்குத்தான் அத்தை. எனக்கு நீ பாதியில் போனது போலத்தான் இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் பங்காளிப் பெரியவர் கேட்டார். "பொறந்த வூட்டுக் கோடி வந்துருச்சா?"

"அந்த வூட்டுல இப்ப யாரு இருக்கா? நாமளே ஒண்ணு போட்டுட்டுத் தூக்கலாம்" என்றார் உன் மூத்த மகன். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை ஒரு பார்வைதான் பார்த்தேன். பொங்கலுக்கு எடுத்து உடுத்தாமல் பீரோவில் வைத்திருந்த நூல் புடவை, மஞ்சள், பூ எல்லாவற்றையும் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு கொல்லைப்புறமாக வெளியேறினேன். சுற்றிக்கொண்டு போய்த் தெருமுனையில், வெளியூர் பஸ்ஸில் வந்து இறங்கினவள் மாதிரி நின்றேன். கூட வந்த பேரனிடம் சொன்னேன்: "போயிச் சொல்லு. குரும்பலூர்லேருந்து கோடி வந்துருக்குன்னு."

கொட்டுக்காரர்கள் வந்தார்கள், அத்தை. வெளியூர்ச் சம்பந்திகளை அழைக்க வருகிற மாதிரியே அடித்துக்கொண்டு வந்தார்கள். பெரியவரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து, "வாங்கம்மா" என்றார். தினமும் நான் கோலம் போடுகிற வாசலில் என்னை வாங்க என்கிறார்! அங்கேதான் உடைந்தேன். கோடி கொண்டு வருகிறவளை அழாதே என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. தெரு நெடுக ஓவென்று அழுதுகொண்டே வந்து உனக்குப் போர்த்தினேன்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பதால், வந்த சனம் ஒவ்வொன்றாகக் கிளம்பியது. குரும்பலூர்க்காரி நானும் கிளம்பியிருக்க வேண்டும். எங்கே போவேன்? எனக்கென்று இருந்த பிறந்த வீடு நீ ஒருத்திதான். உள்ளேயிருந்து சின்ன மருமகள் கூப்பிட்டாள்: "அக்கா, வூட்டக் கழுவி வுடணும், வாங்க."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனேன். மருமகளுக்கு வேலை வந்துவிட்டது. உன் தம்பி மகள் இன்னும் அழுது முடிக்கவில்லை, அத்தை.