சிவப்புக் கதவு

பார்ராஸ், மெக்சிகோ,
20 ஆகஸ்ட் 1987

அன்பு மகன் லியோபார்தோவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகம். டெக்சாஸில் நீ சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

திராட்சைத் திருவிழா முடிந்துவிட்டது. ஊரெல்லாம் இன்னும் புளித்த வாடை. வாய்க்காலில் நம் முறைக்கு வந்த தண்ணீர் கணுக்காலைக்கூட நனைக்கவில்லை. ஆனாலும் கொல்லைக் கொடி காய்த்துத் தள்ளிவிட்டது.

அப்பா இன்னும் ஒயின் ஆலையில்தான், வெளியூர்க்காரர்களுக்கு நிலவறையைச் சுற்றிக்காட்டுகிறார். மான்டெர்ரேக்காரர்கள் வந்தால் பெரிய பீப்பாய்க்கு இருநூறு வயசு. தலைநகரத்துக்காரர்கள் வந்தால் முந்நூறு. ஸ்பெயின் ராஜா இதில் ஒரு கோப்பை கேட்டு ஆள் அனுப்பினாராம்! ஏன் இப்படிப் புளுகுகிறீர்கள் என்று கேட்டால், "கேக்கறவங்க சந்தோஷமாப் போகட்டுமே எவ்லாலியா, நமக்கென்ன நஷ்டம்" என்கிறார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மூன்று வருஷமாக உன் கடிதமெல்லாம் தட்டச்சில் வருகிறது. கையில் அடி என்றாய். எந்தக் கைடா மூன்று வருஷம் ஆறாமல் இருக்கும்? எல்லாம் ஆலை முகவரிக்கே வருகிறது, அப்பாதான் கொண்டுவருகிறார். உறையை நான் கண்ணால் கண்டதில்லை. ஈரமாகிவிட்டது, கிழிந்துவிட்டது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. நான் எழுதுவதைத் தபாலில் போட எடுத்துப் போகிற அப்பா தபாலாபீஸ் பக்கமே திரும்புவதில்லை என்று எதிர்வீட்டு தொமாசா சொன்னாள். அவள் வாய்க்குத்தான் பூட்டு கிடையாதே, அதனால் முதலில் நான் நம்பவில்லை.

போன கடிதத்தில், குன்றுக் கோயில் படியில் நின்றால் பொட்டல் நடுவே திராட்சைத் தோட்டங்களும் நம் வீட்டுச் சிவப்புக் கதவும் தெரியுமே, அது கனவில் வருகிறது என்று எழுதியிருந்தாய். நீ போனபோது கதவு நீலம். போன ஈஸ்டருக்கு அப்பாதான் சிவப்பு அடித்தார். நீ வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று அதை நான் உனக்கு எழுதவே இல்லை.

இனி நான் மகனுக்கு எழுதவில்லை. எவரிஸ்தோ, நீங்கள்தான் இதைப் படிக்கிறீர்கள். ஆலைத் தட்டச்சுப் பொறிக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து படிப்பீர்கள். முதலில் கோபம்தான் வந்தது. வீட்டுக்குள்ளேயே என்னையும் வெளியூர்க்காரியாக்கிவிட்டீர்களே என்று நெஞ்சு கொதித்தது. பிறகு யோசித்தேன். மூன்று வருஷம் பிள்ளையாகவும் புருஷனாகவும் இருந்திருக்கிறீர்களே, எப்படித் தாங்கினீர்கள்?

அவனுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றாவது சொல்லுங்கள். சந்தோஷமாக இருக்கட்டும் என்று மட்டும் இனி எதையும் சொல்லாதீர்கள். இதற்குப் பதில் எழுத வேண்டாம், வீட்டுக்கு வாருங்கள். பீன்ஸ் அடுப்பில் இருக்கிறது. நீங்கள் வரும்வரை சாப்பிட மாட்டேன்.

மாதா நம் மூன்று பேரையும் காக்கட்டும்.

உங்கள்
எவ்லாலியா