சோக்குத் தண்டில் தேய்ந்த பென்சில்

நேற்றுக் காலை வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். எரியாத பெட்ரோல் நாற்றம் வந்தது. ஜெனரேட்டரில் சோக்கு மாட்டிக்கொண்டால் வருமே, அந்த நாற்றம். பதினோரு வருஷம் கழித்து வந்தாலும் என் மூக்குக்குத் தெரியும். அது உன் நாற்றம்.

மடல் எழுதுகிற அளவுக்கு நமக்குள் ஒன்றும் மிச்சமில்லை. எழுதவும் எனக்குத் தெரியாது. அதைச் சொல்லித்தானே ராயபுரம் முழுக்கச் சிரித்தாய். நான் சொல்லச் சொல்ல மருமகள் ஸ்டெல்லா எழுதுகிறாள். திட்டுகிற இடத்தில் பேனாவை நிறுத்திவிடுகிறாள். "மாமா, செத்தவரு" என்கிறாள். "செத்தவனுக்குத்தாம்மா எழுதுறோம், நீ எழுது" என்கிறேன். உன் சாவுக்கு நான் வரவில்லை. திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் ஒன்றும் சீமையில் இல்லை. பஸ் இருந்தது, கால் இருந்தது, மனசு இல்லை.

எழுந்து பார்த்தேன். தெருமுனையில் அந்த வெள்ளைக் கேரவன் நின்றது. சினிமாக்காரர்கள் உள்ளே உட்கார, உடை மாற்ற, ஏசியில் இளைப்பாற வைத்திருக்கிற வண்டி. நீயும் நானும் பார்த்துக்கொண்ட அதே வண்டிதான். பின்கதவுக்குக் கீழே நான் வைத்து அடித்த தகரம் அப்படியே இருந்தது. டிரைவர் ஓடி வந்தான்.

"நைனா, இங்க ஜெனரேட்டர் பாக்குறவரு வூடு எது?"

"பாத்தவன் வூடு இதான். இப்ப மிக்ஸி, கிரைண்டரோட சரி."

"பேஜாரா பூட்ச்சி நைனா. ஸ்டார்ட் ஆவுது, ரெண்டு தும்மு தும்முது, கருப்பா கக்கினு நின்னுடுது. எண்ணூர்ல ஷூட்டிங். ஏசி ஓடலன்னா என்ன உண்டு இல்லன்னு ஆக்கிடுவானுங்க."

"முன்ன யாரு பாத்துகினு இருந்தது?"

உன் பேரைச் சொன்னான். ரெண்டு மாசம் முன்னால் போய்விட்டார் என்றான். "நல்ல மனுசன் நைனா" என்று வேறு சொன்னான்.

கதவைச் சாத்திக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனாலும் போனேன். உதவி செய்யப் போனேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மூடியைக் கழற்றினால் உள்ளே நீ விட்ட எண்ணெய் இருக்கும். உன் பொய்க்குச் சாட்சி அதுதான். நீ செத்தாலும் அது சாகாது என்று போனேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. ராயபுரம் ஷெட்டில் நீ புத்தகம், நான் கை. கம்பெனிக்காரன் கொடுத்த புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சாமியார் மாதிரி வாசிப்பாய். எஞ்சின் கிளம்பும்போது காற்றை அடைக்க ஒரு சின்னத் தகடு, அதுதான் சோக்கு, கிளம்பியதும் அது திறந்துகொள்ள வேண்டும், அதன் தண்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும் என்று புத்தகம் சொல்லும். எழுதினவன் எண்ணூரைப் பார்த்தானா? இந்தக் காற்றில் பாதி உப்பு, பாதி சாம்பல். எண்ணெயில் சாம்பல் உட்கார்ந்தால் பசை. பசை காய்ந்தால் தகடு திறக்காது, எஞ்சினுக்கு மூச்சு முட்டும். பூட்டுக்காரன் ஒருவன் பூட்டுக்குள் பென்சில் கரியைத் தட்டிப் போடுவதைப் பார்த்திருந்தேன். சோக்குத் தண்டைப் பெட்ரோலில் கழுவி, துடைத்துக் காயவைத்து, பென்சிலால் தேய்ப்பேன். வழுக்கிக்கொண்டு போகும். சாம்பல் ஒட்டாது.

"மாமு, பேரு எழுதத் தெரியாதவனுக்கு பென்சில் எதுக்குடா? காது கொடையவா?" நீ கேட்டது. ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கும் சேர்த்துத்தான் இப்போது எரிகிறது.

முகத்துவாரக்குப்பத்தில் அன்று ஷூட்டிங். சித்திரை வெயில். முந்தின நாள் சாயங்காலம் நான் பென்சில் தேய்த்துவிட்டுப் போயிருந்தேன். காலையில் நீ வந்து, "புக்குல இருக்குறத செய்யாம இன்னா வேலடா இது" என்று எண்ணெய் டப்பாவை எடுத்தாய். வேண்டாம் என்று உன் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு மூன்று சொட்டு விட்டாய். மத்தியானம் எஞ்சினுக்கு ஓய்வு கொடுத்து மறுபடி கிளப்பினோம். சோக்கு மூடினது மூடினதுதான். கரும்புகை, விக்கல், பிறகு சத்தமே இல்லை. உள்ளே அம்மா வேஷம் போடுகிற வயதான நடிகை. ஜன்னல் திறக்காத வண்டி. அந்த அம்மாள் மயங்கிவிட, வலைக்காரர்கள்தான் தூக்கி வந்து மணலில் படுக்கவைத்து முறத்தால் விசிறினார்கள்.

ஓனர் ஓடி வந்து மூடியைக் கழற்றிப் பார்த்தார். "எவன்யா இவ்ளோ எண்ணெய் ஊத்துனது?"

நான் உன்னைப் பார்த்தேன். நீயே சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன். அப்படி நினைத்த முட்டாள்தனத்துக்கு என்னையும் திட்டிக்கொள்கிறேன்.

"இவந்தாண்ணே. கைநாட்டு கேஸு. புக்குல ஒரு சொட்டுன்னு போட்டுக்கீது, படிக்கத் தெரிஞ்சா இப்பிடிப் பண்ணுவானா?"

நான் கத்தினேன். யார் கேட்டார்கள்? புத்தகம் உன் கையில் இருந்தது. அன்றோடு எஞ்சின் வேலை எனக்குப் போயிற்று. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும், பொம்பளையைச் சாகடிக்கப் பார்த்தவன் என்று ஆனேன். அந்த அம்மாள் ஒரு மணி நேரத்தில் எழுந்து மோர் குடித்தாள். என் பேர் எழுந்திருக்கவில்லை.

சரி, நேற்றைக்கு வா. மூடியைக் கழற்றினேன். தகடு இறுக மூடிக்கிடந்தது. விரலால் தள்ளினால் அசையவில்லை. தண்டு முழுக்கக் கறுப்புப் பசை. எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! டிரைவரைக் கூப்பிட்டேன்.

"பாத்தியா உங்க நல்ல மனுசன் வேலய? எண்ணெய்!"

அவன் தலையைச் சொறிந்தான். "அது நான் உட்டது நைனா. அண்ணன் போனப்புறம் டைட்டா கீதுன்னு நாந்தான் உட்டேன். அவரு இருந்தா ஊத்த உடமாட்டாரு. எண்ணெய் டப்பாவ எடுத்தாலே, கலீஜ் பண்ணாதடான்னு கத்துவாரு."

"அப்பறம் இன்னா செய்வான்?"

"மாசத்துக்கு ஒரு தபா கழுவி, பென்சில் வெச்சி தேய்ப்பாரு. இது இன்னா வேல அண்ணேன்னு கேட்டா, புக்குல கீதுடாம்பாரு."

புக்கில் இருக்கிறதாம்!

உன் சாமான் டப்பாவை எடுத்து வந்தான். ஸ்பானர்களுக்கு அடியில் ஒரு துண்டுப் பென்சில். எழுதித் தேய்ந்த பென்சில் முனை உருண்டையாக இருக்கும். இது ஒரு பக்கம் சப்பையாக, நடுவில் பள்ளம் விழுந்து இருந்தது. தண்டில் தேய்த்துத் தேய்த்து விழுந்த பள்ளம். என் சட்டைப் பையில் இருக்கிற பென்சிலுக்கும் அதே பள்ளம்தான்.

என்ன இருந்தாலும் வேலை வேலைதான். பழைய பிரஷ்ஷைப் பெட்ரோலில் நனைத்துப் பசையைக் கரைத்தேன். முறுக்கவில்லை, முறுக்கினால் தண்டு வளையும். கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டினேன். துடைத்தேன், ஊதிக் காயவைத்தேன், தேய்த்தேன். உன் பென்சிலால்தான் தேய்த்தேன். விரலை எடுத்ததும் தகடு தானாகத் திறந்துகொண்டது. கிளப்பினால் ஒரு தும்மல், அப்புறம் ஒரே சீரான சத்தம்.

டிரைவர் கும்பிட்டான். வண்டியில் இருக்கிற அந்தக் கம்பெனிப் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னேன். சோக்குப் படம் போட்ட பக்கம் எனக்குத் தெரியும், படிக்கத்தான் தெரியாது. ஓரத்தில் நீ பேனாவால் எழுதியிருந்தாய்.

"இன்னா எழுதிக்கீறான், படி."

"'எண்ணெய் கூடாது. பென்சில் போதும்.' அவ்ளோதான் நைனா."

"கீழ இன்னா அது? பேரா?"

"ஆமா. அவரு பேருதான். கையெழுத்துப் போட்டுக்கீறாரு."

பதினோரு வருஷம் நீ என் வேலையைச் செய்திருக்கிறாய். மாசா மாசம் தேய்க்கும்போது என் முகம் வராமலா இருந்திருக்கும்? ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லை. என் வாசலுக்கு வரக் கால் வரவில்லை. பேர் போட மட்டும் கை வந்தது.

டிரைவரை உட்காரவைத்து அன்று நடந்ததை முழுக்கச் சொன்னேன். பிறகு பெருவிரலில் பென்சிலைத் தேய்த்து, உன் கையெழுத்துக்கு மேலே அந்த வரி தொடங்குகிற இடத்தில் கைநாட்டை அழுத்தி வைத்தேன்.

"ஐய, இன்னா நைனா இது! ஓனர் பாத்தா கேப்பாரு!"

"கேக்கட்டும். கேட்டா நான் சொன்னத சொல்லு. வூட்டையும் காட்டு."

அவன் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "சொல்றேன் நைனா" என்றான். வண்டி எண்ணூர்ப் பக்கம் போயிற்று. சத்தம் தேயும் வரைக்கும் நின்று கேட்டேன். ஒரு விக்கல் இல்லை.

உன் துண்டுப் பென்சிலை நான் திருப்பித் தரவில்லை. என் பென்சிலோடு ஒரே பையில் கிடக்கிறது.

"மன்னிச்சிட்டேன்னு எழுதட்டுமா மாமா?" என்று ஸ்டெல்லா கேட்கிறாள்.

"நான் சொன்னத மட்டும் எழுதும்மா."

அடியில் கொஞ்சம் இடம் விடச் சொல்லியிருக்கிறேன். பெருவிரலில் கரி இன்னும் போகவில்லை.