ஒரே பிள்ளை என்று சொன்னேன்

சேசு மரி சூசை

கம்பைநல்லூர்
14-6-1975

அன்புள்ள மூத்த மகன் அருள்நாதனுக்கு அம்மா மிக்கேலம்மாள் எழுதுவது. பிலாயில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் மாதாவின் காவலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் தம்பி மகள் லூர்து மேரி முதலாவதாகத் தேறி ஆறாவது போய்விட்டாள், ஐந்தாவதோடு நின்ற என்னைத் தாண்டிவிட்டாள், இப்போது என் எழுத்தில் பிழை பிடிக்கிறாள். அவள் தம்பி மரியசூசை கடத்தூர் ஓட்டப்பந்தயத்தில் தன்னைவிடப் பெரிய பையன்களை முந்தி ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கிவந்தான், அதில்தான் நான் காப்பி குடிக்கிறேன். உன் மகன் இந்தியில் தொண்ணூறு வாங்கியதையும் நீ ஆலையில் சார்ஜ்மேனாக உயர்ந்ததையும் பூசை முடிந்து கோயில் வாசலில் ஒருத்தர் விடாமல் சொன்னேன்.

இனி உட்கார்ந்துகொண்டு படி சாமி. தம்பி சவுரியப்பனுக்கு மஞ்சள் காமாலை என்று போன கடிதத்தில் எழுதியது பொய். அவனுக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போயின, இன்னொருவருடையதை எடுத்து வைத்தால்தான் பிழைப்பான் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பக்கத்துக் கட்டில் பெரியண்ணன் என்பவர், ஆப்பிரிக்காவுல ஒருத்தருக்கு இருதயத்தையே மாத்தி வெச்சாங்களாம், பதினெட்டு நாள் இருந்தாராம், கிட்னியெல்லாம் ஒரு பெரிசாங்க என்று எனக்குத் தைரியம் சொன்னார். பதினெட்டே நாளா என்று அவரிடமே திருப்பிக் கேட்டேன். டாக்டரம்மா கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார், பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறேன், வேற யாரும் இல்லைங்க என்றேன். இரத்தம் எடுக்க வந்த நர்சு கேட்டாள், ஒரே பிள்ளைங்க என்றேன். கையெழுத்துக் காகிதத்திலும் அந்தக் கேள்வி இருந்தது, இல்லை என்று என் கையாலேயே எழுதினேன். இராயப்பர் ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்த மாதிரி மூன்று தடவை. தம்பியும் அவன் மனைவி ராஜமேரியும் வாய் திறக்கக் கூடாது என்று ஆணை வாங்கிக்கொண்டேன். நீ இரும்பாலையில் உலைக்கு முன்னால் நின்று வேலை செய்கிறவன், சின்னப் பிள்ளைகள் இரண்டு இருக்கின்றன, இரண்டு மகன்களையும் கத்திக்குக் கொடுக்க மனசு வரவில்லை. பெற்றவள் சதையைவிட நெருங்கின சதை எது என்கிற திமிரும் இருந்தது.

மாசி மாதம் என்னுடையதை எடுத்து அவனுக்கு வைத்தார்கள். அன்றைக்கே மூத்திரம் வந்தது, நர்சுகள் கைதட்டினார்கள், நான் படுத்தபடியே செபமாலை சொன்னேன். உடம்புக்குள் ஒரு காவல் இருக்கிறதாம், அந்நியம் நுழைந்தால் விரட்டுமாம், அதைத் தூங்கவைக்க மருந்து கொடுத்தார்கள், அது தூங்கின நேரம் பார்த்துக் காய்ச்சலும் சளியும் வந்து உட்கார்ந்தன. மருந்தைக் குறைத்ததும் காவல் விழித்துக்கொண்டது, நாற்பத்தோராம் நாள் திரும்ப வெளியே எடுத்துவிட்டார்கள். பத்து மாதம் அவனைச் சுமந்த உடம்பு இது, அவனுக்கு அந்நியமாகிவிட்டது. எடுத்ததை எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன். வராந்தாவில் ராஜமேரி, மூத்த மவனப் பொத்திப் பொத்தி வெச்சீங்க, எம் புருசந்தான் உங்களுக்கு இளப்பமாப் போனானா என்று கத்தினாள், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மேல் தப்பில்லை. டாக்டரம்மா காதிலும் அது விழுந்துவிட்டது. அவர் ஏசவில்லை, அதுதான் தாங்கவில்லை. தாய் எப்பவும் பாதிதாம்மா பொருந்துவா, கூடப்பொறந்தவங்க முழுசாப் பொருந்தவும் செய்யலாம், ஒண்ணுமே பொருந்தாமப் போகவும் செய்யலாம், பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும் என்றார்.

இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை மிஷினில் இரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிறார்கள். முகம் கறுத்து, கால் வீங்கிக் கிடக்கிறான், தண்ணீரை மூடியில் அளந்துதான் கொடுக்கிறோம். அண்ணனக் கூப்பிடாதம்மா என்று அவன் சொல்கிறான், கூப்பிடு என்று கண் சொல்கிறது. இரண்டாவது தடவை வைத்தாலும் நிற்கும் என்று டாக்டரம்மா சத்தியம் பண்ணவில்லை. உனக்கும் மறைக்க மாட்டேன், என் விலாவில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல், ஒரு எலும்பையும் எடுத்திருக்கிறார்கள், மூன்று மாதம் ஆகியும் குடம் தூக்க முடியவில்லை. வா என்று எழுத எனக்கு வாய் இல்லை, வராதே என்று எழுதினால் காமாலையோடு சேர்த்து அது ஐந்தாவது பொய். வந்தால் முதலில் இரத்தம் மட்டும் பார்ப்பார்கள், அதற்கப்புறம் நீயும் மருமகளும் பேசி முடிவு செய்யுங்கள். அவள் வேண்டாம் என்றால் அவளை ஒரு சொல் சொல்லாதே, நானும் பிள்ளையை ஒளித்தவள்தான்.

வெயிலில் உலையடியில் நிற்கும்போது மோர் குடி. பிள்ளைகளுக்கு என் முத்தம், உங்கள் நால்வர் நெற்றியிலும் சிலுவை வரைகிறேன். ஒன்று மறக்காதே. உன் படம் என்று என்னிடம் இருப்பது சின்ன வயதில் கோயிலில் புதுநன்மை வாங்கினபோது மெழுகுவத்தியோடு எடுத்தது ஒன்றுதான். நீ வந்தாலும் வராவிட்டாலும், இப்போது இருக்கிறபடி புதிதாக ஒரு படம் எடுத்து உடனே தபாலில் அனுப்பு. டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், இவன் என் மூத்த மகன் என்று.

உன் அம்மா
மிக்கேலம்மாள்